கடல் கடந்த பெற்றோரும் காத்திருக்கும் குழந்தைகளும்

கேரளத்திலிருந்து அயல்நாடுகளுக்குச் சென்று உழைப்போர் தாயகத்துக்கு அனுப்பும் பணம் எவ்வளவு என்பது பலமுறை கணக்கிடப்பட்டுள்ளது. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998ஆம் ஆண்டில் முதன்முறையாக மேற்கொண்ட கேரள இடம்பெயர்வு ஆய்வின்படி, அம்மாநிலத்தைச் சேர்ந்த 13.6 லட்சம் பேர் அப்போது அயல்நாடுகளில் வாழ்ந்தனர். அவர்கள் ஓராண்டில் அனுப்பிய தொகை சுமார் 13,650 கோடி ரூபாய். அதே வரிசையில் 2023ஆம் ஆண்டில் நடைபெற்ற ஆய்வில் அயல்நாடு சென்றோர் தொகை சுமார் 22 லட்சமாகவும், அனுப்பிய பணம் 2.16 லட்சம் கோடி ரூபாய்க்கு மேலாகவும் உயர்ந்திருந்தது.

இப்பணத்தால் எழுந்த வீடுகளும், மீட்கப்பட்ட நிலங்களும், நடைபெற்ற திருமணங்களும் எவர் கண்ணுக்கும் புலப்படுகின்றன. ஆனால் அவ்வீடுகளில் தந்தையின்றியோ, தாயின்றியோ, சில வேளைகளில் இருவருமின்றியோ வளரும் குழந்தைகளின் உள்ளத்தில் நிகழ்வது அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. பெற்றோர் அயல்நாட்டில் இருக்க, தாயகத்தில் வளரும் குழந்தைகள் என்று ஒரு தனிக் கணக்கு தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடையாது. வருவாயைக் கணக்கிடும் சமுதாயம் அவ்வருவாய்க்காகக் குழந்தைகள் ஏற்றுள்ள பிரிவைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுகிறது.

பெற்றோரின் பிரிவு எல்லாக் குழந்தைகளையும் ஒரே அளவில் வாட்டுவதில்லை. பிரிவு குழந்தைக்கு எவ்வாறு எடுத்துரைக்கப்பட்டது, அன்றாடம் பேணி வளர்ப்பவர் யார், தொலைவிலிருப்பவருடன் உறவு எவ்வாறு காக்கப்படுகிறது என்னும் மூன்றையும் பொறுத்தே அதன் விளைவு அமைகிறது. இம்மூன்றும் பெரியவர்களின் கையில் உள்ளவை. ஆகவேதான் இது கண்ணீரோடு முடிந்துவிடும் செய்தியாக இராமல், திட்டமிட்டுச் செயல்பட வேண்டிய ஒரு துறையாகவும் விளங்குகிறது.

குடும்பம் உடன் செல்லாதது ஏன்?

1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகின. கேரளத்து இளைஞர்கள் பெருந்தொகையினராக அங்குச் சென்றனர். கொத்தர், தச்சர், மின்பணியாளர், ஓட்டுநர், கடைச் சிப்பந்தி எனப் பல தொழிலினர் அவர்களுள் இருந்தனர். 2018இல் கூடக் கேரளத்திலிருந்து அயல்நாடு சென்றோரில் பத்தில் ஒன்பது பங்கினர் வளைகுடாவிலேயே இருந்தனர். பின்னர் ஐரோப்பா முதலிய பகுதிகளுக்குச் செல்வோர் பெருகியதால் 2023இல் இப்பங்கு ஐந்தில் நான்காகக் குறைந்தது.

அந்நாடுகள் தொழிலாளியை வரவேற்கின்றன. அவருடைய குடும்பத்தை வரவேற்பதற்கு வரம்பு விதிக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2019இல் வகுத்த விதியின்படி, மாதம் 4,000 திர்ஹமோ, உறைவிட வசதியுடன் 3,000 திர்ஹமோ ஊதியம் பெறுபவரே குடும்பத்தை அழைத்துக்கொள்ள இயலும். தொழிலாளர் குடியிருப்பில் பலருடன் ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்பவருக்கு இத்தகுதி எட்டாக்கனி. சவூதி அரேபியா 2017 ஜூலை முதல் உடன் வாழும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, ஆண்டுதோறும் அதனை உயர்த்தி, 2020இல் 400 ரியாலாக்கியது. மனைவியும் இரு மக்களும் உடனிருந்தால் மாதம் 1,200 ரியால் செலுத்த வேண்டும். அதுவரை தந்தையுடன் அங்கேயே வளர்ந்த குழந்தைகள் பலர் இதனால் தாயுடன் ஊர் திரும்ப நேர்ந்தது. ஆகவே பிரிவு என்பது பெற்றோர் விரும்பித் தேர்ந்தது என்று கொள்வது பொருந்தாது. குழந்தையிடம் இவ்வுண்மையைச் சொல்ல வேண்டியதன் தேவையும் இங்கேதான் எழுகிறது.

பதினெட்டு ஆண்டுகளில் பதினெட்டு மாதம்

கடைநிலைத் தொழிலாளர் பலர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரண்டு மாத விடுப்பில் ஊர் வருவது நெடுங்கால வழக்கம். இவ்வழக்கப்படி கணக்கிட்டால், ஒரு குழந்தை பிறந்து பதினெட்டு வயது நிறைவதற்குள் தந்தையுடன் வாழும் காலம் மொத்தம் பதினெட்டு மாதங்களே ஆகும். நடை பழகியது, பள்ளியில் சேர்ந்தது, காய்ச்சலில் படுத்தது, தேர்வில் வென்றது, தோற்றது ஆகியவற்றுள் பெரும்பாலானவை எஞ்சிய பதினாறரை ஆண்டுகளில் நிகழ்ந்துவிடுகின்றன.

கைக்குழந்தைப் பருவத்தில் குழந்தைக்குத் தந்தையின் பிரிவு பிரிவாகத் தோன்றுவதில்லை. தந்தை சென்ற பின் பிறந்த குழந்தைக்கு அவர் ஒரு புகைப்படம். இன்று கைப்பேசித் திரையில் அசையும் முகம். அவர் முதன்முறை விடுப்பில் வந்து அள்ளியெடுக்க முற்படும்போது குழந்தை அலறித் தாயின் தோளில் முகம் புதைத்துக்கொள்வதும், இரவில் அவரை அறையை விட்டு வெளியேறச் சொல்வதும் கேரளத்து வீடுகளில் பலரும் கண்ட காட்சிகள். பெரியவர்கள் சிரித்து மறக்கும் இந்நிகழ்ச்சி, ஈராண்டு உழைத்துத் திரும்பிய தந்தையைப் பெரிதும் புண்படுத்துகிறது. குழந்தை உப்பா என்றோ அச்சன் என்றோ தயக்கமின்றி அழைக்கத் தொடங்கும் வேளையில் விடுப்பு முடிந்துவிடுகிறது.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை பிரிவை நன்கு உணர்கிறது. காரணத்தை உணரும் ஆற்றல் அதற்கு இன்னும் வரவில்லை. உலகம் தன்னைச் சுற்றியே இயங்குவதாகக் கருதும் பருவம் அது. தான் செய்த குறும்பினால்தான் தந்தை போய்விட்டார் என்று அது முடிவு செய்துகொள்ளக்கூடும். குழந்தை அழும் என்று அஞ்சி, அது உறங்கும்போது விடியற்காலையில் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிடும் வழக்கம் இவ்வையத்தை வலுப்படுத்துகிறது. விடைபெறாமல் சென்றவர் எந்த வேளையிலும் மறைந்துவிடக்கூடும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. பின்னர் தாய் கடைக்குச் சென்றாலும் அது பின்தொடர்ந்து அழுகிறது.

பிரித்தானிய மனநல அறிஞர் ஜான் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில் தாயைப் பிரிந்த சிறு குழந்தைகளின் நிலையை ஆராய்ந்தார். அவரும் அவர் காலத்து ஆய்வாளரும் இத்தகைய குழந்தைகளிடம் மூன்று நிலைகளைக் கண்டனர். முதலில் அழுது எதிர்ப்பது, அடுத்து நம்பிக்கையிழந்து சோர்வது, இறுதியில் பற்றற்று ஒதுங்குவது. மூன்றாம் நிலையை அடைந்த குழந்தை அமைதியாக உண்டு உறங்குவதைக் கண்டு, பிரிவு பழகிவிட்டது என்று பெரியவர்கள் மகிழ்ந்துவிடுகின்றனர். கவலைக்குரிய நிலை இதுவே என்பது அவ்வாய்வுகளின் எச்சரிக்கை. அழும் குழந்தை இன்னும் எதிர்பார்க்கிறது. எதிர்பார்ப்பைக் கைவிட்ட குழந்தை அழுவதில்லை.

பெருமையும் ஏக்கமும்

பள்ளிப் பருவக் குழந்தையின் உள்ளத்தில் பெருமையும் ஏக்கமும் ஒருங்கே குடியிருக்கின்றன. தந்தை அனுப்பிய காலணியும் கைக்கடிகாரமும் தோழர் நடுவே அதற்கு மதிப்பைத் தேடித் தருகின்றன. ஆயினும் பள்ளி விழாவிலும், பெற்றோர் கூட்டத்திலும், திருவிழா நாளிலும் பக்கத்து வீட்டுக் குழந்தை தந்தையின் கையைப் பற்றி நடப்பதை அது காண்கிறது. அவ்வேளையில் எழும் உணர்ச்சியை வெளியிட அதற்கு வழியில்லை. உனக்காகத்தானே அவர் அங்கே வெயிலில் பாடுபடுகிறார் என்று வீட்டார் அன்போடு சொல்லும் சொல், குழந்தையின் ஏக்கத்தை நன்றிகெட்ட செயலாக்கிவிடுகிறது. ஏங்கவும் கூடாது, கோபிக்கவும் கூடாது என்னும் நிலையில் குழந்தை மௌனத்தை மேற்கொள்கிறது. அம்மௌனத்தை உற்றார் பொறுப்புணர்ச்சி என்று பாராட்டுகின்றனர்.

குமரப் பருவத்தில் இம்மௌனம் வேறு வடிவங்கொள்கிறது. மூத்த மகன் தந்தையின் இடத்தில் நின்று வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் அலைகிறான். மூத்த மகள் தங்கை தம்பியரைப் பேணும் பொறுப்பை ஏற்கிறாள். சிலர் இதனால் வயதுக்கு மீறிய திறமை பெறுகின்றனர். சிலர் கண்டிப்பவர் இல்லாத வீட்டில், கையில் புரளும் பணத்தால் நிலை தடுமாறுகின்றனர். வேறு சிலர், தம் மணமுடித்த பின் குடும்பத்தைப் பிரிவதில்லை என்று உறுதி பூணுகின்றனர். அவர்களுள் பலரையும் உள்ளூரில் தக்க வேலையில்லாத நிலை பின்னாளில் அதே விமானத்தில் ஏற்றிவிடுகிறது.

அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இத்தகைய பிரிவைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு விளக்கினார். வியத்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது உருப்பெற்ற கருத்து அது. இறந்தவருக்குத் துக்கம் காக்கலாம். உடனிருப்பவருடன் பேசிச் சிரிக்கலாம். உள்ளத்தில் இருந்துகொண்டு வீட்டில் இல்லாதவர் பொருட்டு என்ன செய்வது என்று குடும்பம் திகைக்கிறது. வளைகுடாத் தொழிலாளியின் பிள்ளைகள் பலர் இத்திகைப்பிலேயே வளர்கின்றனர்.

தாய் கடல் கடந்தால்

கேரளத்திலிருந்து செல்வோரில் பெண்களின் பங்கு 2018இல் 15.8 விழுக்காடாக இருந்து 2023இல் 19.1 விழுக்காடாக உயர்ந்தது. கேரளத்துச் செவிலியர் பல்லாண்டுகளாக வளைகுடா மருத்துவமனைகளில் பணியாற்றி வருகின்றனர். பணி உறுதிப்படும் வரை குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வது அவர்களிடையே காணப்படும் வழக்கம். செவிலியருக்குக் காலப்போக்கில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் வாய்ப்பு அமையலாம். ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களிலிருந்தும் கடப்பைப் பகுதியிலிருந்தும் குவைத்துக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கு அவ்வாய்ப்பு கிடையாது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு 30 வயது நிறையாத பெண்களை வீட்டுப் பணிக்கு அனுப்ப இந்திய விதிகள் இடந்தருவதில்லை. ஆகவே செல்வோருள் பலர் ஏற்கெனவே தாய்மாராக இருப்பது இயல்பு. அவர்கள் முதலாளியின் வீட்டிலேயே தங்குவதால், எப்போது தொலைபேசலாம் என்பதும் பிறர் விருப்பத்தைப் பொறுத்தது.

தந்தை செல்வதை ஊர் பெருமையாகக் கருதுகிறது. தாய் செல்வதைப் பழிக்கவும் தயங்குவதில்லை. அப்பழி குழந்தையின் காதிலும் விழுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் இத்தகைய குழந்தைகளை ஆராய்ந்த ரேசல் பரேனியாஸ் 2005இல் வெளியிட்ட நூலில், தாய் சென்ற பின் தந்தையர் பலர் வீட்டுப் பொறுப்பை ஏற்பதில்லை என்றும், அது பாட்டிமார், அத்தைமார், மூத்த மகள் ஆகியோர் மீது விழுகிறது என்றும் காட்டினார். குழந்தை உணரும் குறையில் ஒரு பங்கு தாய் சென்றதால் வந்தது. மற்றொரு பங்கு உடனிருக்கும் தந்தை தாயின் பணியை ஏற்காததால் வந்தது.

தடை விதிப்பதால் மட்டும் இது தீராது. இலங்கை அரசு 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்கு அயல்நாடு செல்வதைத் தடுத்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அத்தடை தளர்த்தப்பட்டது. வறுமை நீங்காத வீட்டில் தாயை இருத்தி வைப்பதும் குழந்தைக்குச் செய்யும் நன்மை என்று முழுமையாகச் சொல்ல முடியாது.

கடிதம் முதல் கைப்பேசி வரை

எழுபதுகளில் தந்தையின் செய்தி கடிதமாக வந்தது. எஸ். ஏ. ஜமீல் இயற்றிப் புகழ்பெற்ற துபாய்க் கத்துப்பாட்டு, கடிதமே குடும்ப வாழ்க்கையாக இருந்த காலத்தின் சான்று. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையே பாட்டிக்காகக் கடிதத்தை உரக்கப் படித்தது. பின்னர் குரலைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் ஊர் வருவோர் கையில் வந்தன. அடுத்து வாடகைத் தொலைபேசி நிலையங்கள் தோன்றின. நிமிடங்கள் காசாக ஓடியதால் பெரியவர்கள் பேசி முடித்த பின்னரே குழந்தைக்கு முறை வந்தது.

இன்று முகம் பார்த்துப் பேசலாம். சவூதி அரேபியா இணையவழிப் பேச்சுக்கு இருந்த தடையை 2017 செப்டம்பரில் நீக்கிய பின் அங்குள்ளோருக்கு இது மேலும் எளிதாயிற்று. ஆயினும் கடிகாரமும் நாட்காட்டியும் இன்னும் குறுக்கே நிற்கின்றன. சவூதி, குவைத், கத்தார் நாடுகளில் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. தந்தை வேலை முடிந்து இரவு எட்டரை மணிக்கு அழைத்தால் இங்கே மணி பதினொன்று, குழந்தை உறங்கியிருக்கும். அங்கே பல தொழிலாளருக்கு வெள்ளிக்கிழமை ஒன்றே விடுமுறை. அது குழந்தைக்குப் பள்ளி நாள். பேச இயன்ற சில நிமிடங்களும் சாப்பிட்டாயா, படித்தாயா, என்ன வாங்கி வரவேண்டும் என்னும் மூன்று கேள்விகளில் கழிந்துவிடுகின்றன.

ஆய்வுகள் கூறுவது

இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியத்நாம் ஆகிய நான்கு நாடுகளில் 2008இல் ஒரே முறையில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. தந்தை அயல்நாடு சென்ற குழந்தைகளின் மனநலம் இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் குன்றியிருப்பதை அது கண்டது. பிலிப்பைன்ஸிலும் வியத்நாமிலும் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. உறவினர் துணையும் சமூகப் பழக்கமும் மாறினால் விளைவும் மாறுகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

லான்செட் மருத்துவ இதழ் 2018இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு 111 ஆய்வுகளை ஒருங்கே நோக்கியது. பெற்றோர் பிரிந்து சென்ற குழந்தைகளிடையே மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றின் அபாயம் மற்றக் குழந்தைகளைவிட மிகுதி என்று அது தெரிவித்தது. அவற்றுள் 91 ஆய்வுகள் சீனாவின் உள்நாட்டு இடம்பெயர்வு பற்றியவை. எனவே அவ்வெண்களை அப்படியே கேரளத்துக்குப் பொருத்துவது முறையன்று. பெற்றோர் அனுப்பும் பணம் மட்டுமே குழந்தையின் மனநலத்தைக் காத்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்னும் அளவில் அம்முடிவு நமக்கும் எச்சரிக்கையாகும்.

செய்ய வேண்டுவன

கேரள அரசு 1996இல் அயல்நாடுவாழ் கேரளியர் நலனுக்கென நோர்க்கா என்னும் தனித் துறையை நிறுவியது. 2008இல் அவர்களுக்கான நல நிதிச் சட்டமும் இயற்றப்பட்டது. இவற்றின் கவனம் பெரிதும் தொழிலாளியின் மீதே உள்ளது. குழந்தையையும் இவ்வமைப்புகளின் பார்வைக்குள் கொண்டுவர வேண்டும்.

முதலாவதாக, அயல்நாடு செல்வோருக்குப் பயணத்துக்கு முன் அளிக்கப்படும் பயிற்சியில் குழந்தையிடம் விடைபெறும் முறை ஒரு பாடமாக அமைய வேண்டும். எங்கே செல்கிறேன், ஏன் செல்கிறேன், எப்போது வருவேன், அதுவரை உன்னை யார் பார்த்துக்கொள்வார் என்னும் நான்கையும் குழந்தைக்குப் புரியும் சொல்லில் கூறிச் செல்வது நலம். இது உன் தவறால் நேர்ந்ததன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருகை நாள் உறுதியாகத் தெரியாவிடில், தெரியவில்லை என்றே சொல்வது பொய் நாள் குறிப்பதைவிட மேலானது.

இரண்டாவதாக, பேணி வளர்ப்பவர் மாறிக்கொண்டே இருத்தல் கூடாது. பாட்டி வீட்டில் சில மாதம், மாமன் வீட்டில் சில மாதம் என்று குழந்தையை மாற்றுவது, ஒரு பிரிவைப் பல பிரிவாக்கும். பேணுவோருக்கு, அவர்களுள்ளும் முதிய பாட்டிமாருக்கு, அங்கன்வாடி ஊழியரும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் துணை நிற்கலாம்.

மூன்றாவதாக, தொலைவிலுள்ள பெற்றோர் குழந்தையின் அன்றாட வாழ்வில் சிறு பங்கேனும் ஏற்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், குறித்த ஒரு செயலை இருவரும் செய்யலாம். ஒரு பாடத்தைப் படிக்கக் கேட்பதாகவோ, ஒரு கதை சொல்வதாகவோ அது அமையலாம். எதிர்பாராமல் வரும் விலையுயர்ந்த பரிசைவிட, சொன்ன வேளையில் தவறாது வரும் குரல் குழந்தைக்கு உறுதி தருகிறது. முடிவெடுக்கும் வேளைகளில் குழந்தையின் கருத்தையும் கேட்க வேண்டும்.

நான்காவதாக, பள்ளியின் மாணவர் பதிவேட்டில் பெற்றோர் அயல்நாட்டில் உள்ளனர் என்னும் குறிப்பு இடம்பெறுவது பயன் தரும். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று குழந்தை அறிந்துகொள்ளவே இக்குறிப்பு பயன்பட வேண்டும். இரக்கத்துக்கோ ஏளனத்துக்கோ இடந்தரலாகாது. அழாத, சண்டையிடாத, எதையும் கேட்காத மாணவனையும் ஆசிரியர் உற்று நோக்குதல் நலம்.

ஐந்தாவதாக, திரும்பி வருதலுக்கும் ஆயத்தம் வேண்டும். 1990இல் குவைத் போரின்போதும், 2020இல் பெருந்தொற்றின்போதும் ஆயிரக்கணக்கான தந்தையர் வேலையிழந்து ஒரே நாளில் ஊர் வந்து சேர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளுக்கு வருகையின் மகிழ்ச்சியும் வருவாய் நின்ற அச்சமும் ஒன்றாகவே வந்தன. நெடுநாள் இல்லாதவர் வந்தவுடன் வீட்டின் ஒழுங்கை மாற்ற முற்பட்டால், பிள்ளைகள் அவரை அன்னியராகவே கருதுவர். முதல் சில வாரங்கள் அவ்வீட்டின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் காலமாக இருத்தல் நன்று.

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, வெவ்வேறு நாடுகளில் வாழும் பெற்றோருடன் முறையாக நேரடித் தொடர்பு கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று கூறுகிறது. ஊதியம், விடுப்பு, காப்பீடு ஆகியவை குறித்து வளைகுடா நாடுகளுடன் பேச்சு நடத்தும்போது இவ்வுரிமையும் பேசப்பட வேண்டும். விடுப்பில் ஒரு பகுதி ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையில் அமையுமாறு கேட்பது பெரிய கோரிக்கையன்று. அது ஏற்கப்பட்டால், தந்தை ஊரில் இருக்கும் அந்நாட்களில் பிள்ளை பள்ளியில் இருக்க நேராது. பதினெட்டு மாதங்களில் ஒரு பகுதியேனும் முழுமையாக அக்குழந்தைக்குக் கிடைக்கும்.